சூமோ ஹைலைட்ஸ்: யோகோசுனாவின் முழங்கால் இதில் தெரியுமா?

வருடத்துக்கு ஆறு பாஷோ, அதாவது சூமோ போட்டித் தொடர், ஒவ்வொன்றும் 15 நாள். இந்த 90 நாளும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் வெளிநாட்டுச் சேவையான என்எச்கே வேர்ல்ட் ஜப்பான் காசு வாங்காமல் ‘கிராண்ட் சூமோ ஹைலைட்ஸ்’ போடுகிறது. ஒரு நாளின் தொகுப்பு ஏறக்குறைய 25 நிமிடம். இணையதளத்திலும் ஆப்பிலும் பார்க்கலாம். வர்ணனை ஆங்கிலத்தில். அன்றைக்கு யார் யாரைத் தள்ளினார் என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு, ஜப்பானுக்கு வெளியே இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அவர்கள் இந்த விமர்சனத்தை இத்தோடு மூடிவிட்டு நேரே வீடியோவுக்குப் போகலாம்.

சிக்கல் வேறொரு கூட்டத்துக்கு. ஒரு யோகோசுனாவுக்கு, அதாவது சூமோவின் உச்சப் பதவிக்காரருக்கு, வயசாகிறது, முழங்கால் போய்விட்டது, எடை ஏறுகிறது, இந்த பாஷோவில் தாக்குப்பிடிப்பாரா, இல்லை தலைக்குடுமியை வெட்டிக்கொண்டு ஓய்வு பெறுவாரா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு இந்த நிகழ்ச்சி பாதி உண்மையைத்தான் தருகிறது. 73-வது யோகோசுனா தெருனோஃபுஜியின் கடைசி நாலு வருடத்தை வைத்து இதை அளந்து பார்ப்பதுதான் சரி. 2021 ஜூலை பாஷோ முடிந்ததும் பட்டம், 2025 ஜனவரியில் ஓய்வு. ஹைலைட்ஸ் எதைக் காட்டும், எதை விட்டுவிடும் என்பதற்கு இவரைவிட நல்ல சோதனை கிடைக்காது.

முதலில் விட்டுப்போவது எது என்று பார்ப்போம். மேல்மட்டப் பிரிவான மக்குவுச்சியில் 42 பேர், அதாவது ஒரு நாளைக்கு 21 மோதல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஷிகிரி என்ற ஆயத்தம் உண்டு, அதற்கு அதிகபட்சம் நாலு நிமிடம். 21 மோதலையும் 25 நிமிடத்தில் அடக்க வேண்டுமென்றால் எதை வெட்டுவார்கள்? ஷிகிரியைத்தான். உப்பு தூவுவது, காலைத் தூக்கி மிதிப்பது, குந்துவது, முறைப்பது எல்லாம் ஓரிரண்டு நொடிக்குள் போய்விடும். மோதலை மட்டும் பார்க்கிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. முழங்காலைப் பார்க்கிறவருக்கு மொத்தச் சரக்கும் அந்த நாலு நிமிடத்தில்தான் இருக்கிறது.

தொஹ்யோ என்பது களிமண்ணால் உயர்த்திக் கட்டிய மேடை. உயரம் 34 முதல் 60 சென்டிமீட்டர், உள்வட்டத்தின் விட்டம் 4.55 மீட்டர். ஒரு வீரர் எந்தக் காலை முன்னால் வைத்து மேலே ஏறுகிறார் என்று கவனியுங்கள். மூட்டு வலிக்காரர் மாடிப்படியில் செய்வதையேதான் இவரும் செய்வார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். பதினைந்து நாளும் ஒரே கால்தான் முன்னே போகிறதென்றால் அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ திடீரென்று கால் மாறினால் அது சேதி. அடுத்தது சோன்க்யோ: குதிகாலைத் தூக்கி, முழங்காலை அகட்டி, முன்பாதத்தில் குந்துவது. எடை ஒரு பக்கமாகச் சாய்கிறதா? எழும்போது கை தொடையை ஊன்றுகிறதா? பிறகு ஷிகோ, காலை மாற்றி மாற்றித் தூக்கி மிதிப்பது. அதில் மேலே போகிற காலை எல்லோரும் பார்ப்பார்கள். தரையில் நிற்கிற காலைப் பார்க்க வேண்டும், மொத்த உடம்பையும் அந்த ஒற்றை மூட்டுதான் தாங்குகிறது.

யோகோசுனாக்களின் தொஹ்யோ-இரி சடங்கு இன்னும் தெளிவான சோதனை. கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து, அகலக் குந்தி, கால்விரல்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தியபடி மெதுவாக எழுவார்கள். அந்த எழுச்சிக்குப் பெயர் செரியாகரி. உன்ரியூ பாணியில் இடக்கை விலாவில் இருக்கும், வலக்கை நீளும். ஷிரானுய் பாணியில் இரண்டு கையும் விரியும். தெருனோஃபுஜி செய்தது ஷிரானுய். அந்த எழுச்சியில் ஒரு நடுக்கம் வந்தால் மருத்துவச் சான்றிதழ் வாசிக்கவே வேண்டாம். ஹைலைட்ஸில் இதற்குக் கிடைக்கிற இடம் மிகக் குறைவு.

இவ்வளவையும் எதற்காகப் பார்க்க வேண்டும் என்றால், அந்த முழங்காலின் கதை அப்படி. 2015 மே மாதம் முதல் கோப்பை, உடனே ஓசெகி, யோகோசுனாவுக்கு அடுத்த பதவி. அதே வருடம் செப்டம்பரில் வலது முழங்கால் போனது, முன் சிலுவைத் தசைநாரும் மெனிஸ்கஸும். இந்தத் தசைநார்தான் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் திருகாமலும் பிடித்துவைக்கிறது. அது அறுந்தால் நேராகத் தள்ளும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. காலை ஊன்றி உடம்பைத் திருப்பும் நொடியில்தான் மூட்டு ‘விட்டுவிடும்’. மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் மெத்தை. அது கிழிந்தால் எலும்பு எலும்போடு உரசும். நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இறங்குகிறது. 180 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 360 முதல் 540 கிலோ வரை வரும். இதோடு இரண்டாவது முழங்காலும் கெட்டது, நீரிழிவும் கல்லீரல் கோளாறும் சேர்ந்தன. 2019 மார்ச்சில் அவர் இருந்த இடம் கீழிருந்து இரண்டாவது பிரிவான ஜோனிதானில் 48-வது வரிசை. ஓசெகியாக இருந்த ஒருவர் அவ்வளவு கீழே போனது அதற்கு முன் நடந்ததே இல்லை.

அங்கே ஏழுக்கு ஏழு ஜெயித்துத் திரும்பினார். அந்தப் பயணத்தின் ஒரு நொடி கூட இந்த நிகழ்ச்சியில் இல்லை, காரணம் இது மக்குவுச்சிக்கு மட்டுமானது. 2020 ஜூலையில் மக்குவுச்சியின் அடித்தட்டுப் பதவியான மயேகாஷிராவில் 17-வது வரிசையில் திரும்பி வந்து அதே பாஷோவில் கோப்பையைத் தூக்கினார். ஹைலைட்ஸ் மட்டும் பார்த்தவருக்கு அவர் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருந்திருக்கும். காயம்பட்டவர்கள் ஏன் இப்படிப் பாதாளம் வரை விழுகிறார்கள் என்பதும் புதியவருக்குப் புரியாது. 1972 முதல் போட்டியில் பட்ட காயத்துக்கு அடுத்த பாஷோவில் தரவரிசைப் பாதுகாப்பு இருந்தது. 2003 முடிவோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வராத நாள் எல்லாம் தோல்விக் கணக்கு. அதனால்தான் பாதி ஆறிய காலோடு ஏறுகிறார்கள், மறுபடி அதே இடத்தில் அடிபடுகிறார்கள்.

யோகோசுனாவுக்கு மட்டும் இறக்கம் கிடையாது. ஓசெகி இரண்டு பாஷோ தொடர்ந்து எட்டு வெற்றிக்குக் குறைந்தால் பதவி போகும். யோகோசுனா எத்தனை பாஷோ வராவிட்டாலும் யோகோசுனாதான், ஆனால் தோற்றுக்கொண்டே இருக்க முடியாது, விலக வேண்டும். ஆகவே உடம்பு கெட்ட யோகோசுனாவுக்கு இரண்டே வழி: கோப்பைக்குப் போட்டி போடு, இல்லையென்றால் க்யூஜோ, அதாவது விடுப்பு, போட்டு உட்கார். தெருனோஃபுஜியின் பட்டியல் இதற்கு அச்சு அசலான உதாரணம். 2022 அக்டோபரில் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை, 2023 மே மாதம் 14-1 (14 வெற்றி, 1 தோல்வி) என்று கோப்பை. 2024 ஜனவரியில் 13-2 கோப்பை, மே மாதம் இரண்டு நாளோடு விலகல், ஜூலையில் 12-3 என்று பத்தாவது கோப்பை, செப்டம்பரும் நவம்பரும் வரவில்லை, 2025 ஜனவரியில் ஐந்தாம் நாள் விலகி ஓய்வு. நடுத்தரமான பாஷோ என்று ஒன்று அவருக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தினம் தினம் தனித்தனி வீடியோவாகப் பார்க்கும்போது இந்த ஏற்ற இறக்கம் பிடிபடாது. ஒரு நோட்டில் பாஷோ வாரியாக எழுதி வைத்தால்தான் தெரியும்.

குறை சொன்னது போதும். இந்த நிகழ்ச்சி பிரமாதமாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு: மெதுவாக ஓட்டும் ரீப்ளே. தாச்சியாய், அதாவது முதல் மோதல், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதை வேறொரு கோணத்திலிருந்து நிதானமாகக் காட்டுகிறார்கள். தெருனோஃபுஜி கடைசிக் காலத்தில் எதிராளியை உள்ளே வரவிட்டு, இரண்டு கைகளையும் வெளிப்பக்கமிருந்து இறுக்கிப் பூட்டி, அப்படியே வெளியே நடத்திக்கொண்டு போவார். பார்க்க அதிகாரமாக இருக்கும். உண்மையில் அது ஓட முடியாத ஆளின் வைத்தியம். பூட்டிவிட்டால் திரும்ப வேண்டியதில்லை, நேராக நடந்தால் போதும். எதிராளி பூட்டு விழும் முன் பக்கவாட்டில் நழுவினால் முழங்கால் திரும்பியாக வேண்டும், அங்கே கதை முடிந்தது. ரீப்ளேயில் இடுப்பைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். பெருவிரல் மணலைக் கவ்வுகிறதா, பாதம் முழுசாகத் தட்டையாகிக் கிடக்கிறதா? தட்டையாகிவிட்டால் பின்வாங்கும்போது நிறுத்த பிரேக் இல்லை என்று அர்த்தம்.

எந்த நாளைத் தவறவிடக் கூடாது? முதல் ஐந்து நாள். அப்போது யோகோசுனாவுக்கு எதிரில் வருபவர்கள் பெரும்பாலும் ஓசெகிக்கு இரண்டு படி கீழான கொமுசுபியும் மேல்வரிசை மயேகாஷிராக்களும்தான். மயேகாஷிரா ஒருவர் யோகோசுனாவை வீழ்த்தினால் கின்போஷி. ஜெயித்தவர் செக்கிதோரியாக, அதாவது மேல் இரண்டு பிரிவுகளில், இருக்கும் வரை ஒவ்வொரு பாஷோவுக்கும் 40,000 யென் கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். தளர்ந்த யோகோசுனா என்றால் இளசுகளுக்கு அது ஓய்வூதியம் மாதிரி, விடுவார்களா? நாலு நாளில் இரண்டு கின்போஷி கொடுத்துவிட்டால் ஐந்தாம் நாள் வீடியோவைத் திறக்கும் முன்பே க்யூஜோவை எதிர்பார்க்கலாம்.

எடை விஷயத்தில் ஹைலைட்ஸ் நம்பத்தக்கதல்ல. பெயரோடு உயரமும் எடையும் திரையில் வரும்போது அது போன அளவீட்டின் எண் என்பதை மறக்க வேண்டாம். சூமோ சங்கத்தின் இணையதளத்திலும் ஒவ்வொருவருக்கும் ஒரே எண்தான், எடை ஏறிய வரலாறு கிடைக்காது. அந்த எண்ணும் தனியாக எதையும் சொல்லாது. பயிற்சி நின்று சாப்பாடு நிற்காமல் போனால் வயிறு ஏறும், தொடை சுருங்கும், தராசு அதே 180 காட்டும். மவாஷி என்ற இடுப்புத் துணிக்குக் கீழே தொடையின் சதை மடிப்பைப் பார்ப்பதே மேல். யோகோசுனா சியோனோஃபுஜி 130 கிலோவுக்கும் குறைவான உடம்போடு 35 வயது வரை நின்றதைச் சொல்லி, எடைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சாதிப்பவர்கள் உண்டு. ஆனால் இன்னொரு யோகோசுனா முசாஷிமாரு 230 கிலோவைத் தாண்டியவர், அவரை 32 வயதில் வீட்டுக்கு அனுப்பியது இடது மணிக்கட்டு.

யோகோசுனா கிசெனோசாட்டோ ஓர் எச்சரிக்கை. 2017 மார்ச்சில் 13-ஆம் நாள் இடது மார்பும் மேற்கையும் கிழிந்தன. இருந்தும் கடைசி நாள் தெருனோஃபுஜியை இரண்டு முறை வென்று கோப்பை எடுத்தார். ரீப்ளே பார்த்து ஊரே கொண்டாடியது. அவருடைய ஆயுதமே இடக்கையால் எதிராளியின் கையைக் கீழிருந்து நெருக்கித் தூக்குவதுதான். அந்தக் கை அதன் பிறகு வேலை செய்யவில்லை. தொடர்ந்து எட்டு பாஷோ முழுசாகவோ பாதியாகவோ வராமல், 2019 ஜனவரியில் ஓய்வு பெற்றார். இன்னொரு யோகோசுனா தக்கானோஹானாவும் அப்படியே: 2001 மே மாதம் கிழிந்த முழங்காலோடு முசாஷிமாருவை மேலதிக மோதலில் வென்றார், பிரதமர் கொய்சுமி மேடையேறி நெகிழ்ந்துவிட்டேன் என்றார், அடுத்து ஏழு பாஷோ முழுசாக இல்லை. ஹைலைட்ஸின் இயல்பே அந்தக் கோப்பையைத் தூக்கும் நொடிதான். அதற்கான விலை பிறகு வராத நாட்களில் இருக்கிறது, வராதவரை எந்தத் தொகுப்பும் காட்டாது.

ஓய்வு எப்போது என்று ஊகிக்க, திரைக்கு வெளியே ஒரு நல்ல தடயம் உண்டு: குடியுரிமை. ஓய்வுக்குப் பின் சங்கத்தில் மூத்தவராகத் தொடர ஜப்பானியக் குடியுரிமை கட்டாயம். மங்கோலியரான யோகோசுனா ககுர்யூவுக்கு அது 2020 டிசம்பரில் கிடைத்தது, 2021 மார்ச்சில் விலகினார். தெருனோஃபுஜி 2021 ஆகஸ்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டதால் அவருக்கு இந்தக் கணக்கு உதவவில்லை. இன்னொரு தடயம் யோகோசுனா ஆலோசனைக் குழுவின் சொல். ஊக்குவிப்பு, எச்சரிக்கை, விலகப் பரிந்துரை என்று மூன்று படி. கிசெனோசாட்டோவுக்கு 2018 நவம்பரில் முதல் படி வந்தது, அடுத்த பாஷோவில் ஆள் இல்லை. ஹக்குஹோவுக்கும் ககுர்யூவுக்கும் 2020 நவம்பரில் இரண்டாவது படி. ஹக்குஹோ அதன் பிறகு வலது முழங்கால் அறுவை செய்துகொண்டு, 2021 ஜூலையில் 15-0 எடுத்து, செப்டம்பர் கடைசியில்தான் விலகினார். குழுவின் சொல்லை வைத்து நாள் குறிக்கவும் முடியாது.

இனி வாங்கும் ஆலோசனை, விலையே இல்லாவிட்டாலும். வீடியோக்கள் நிரந்தரமாக இருக்காது, பாஷோ முடிந்து சாவகாசமாகப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் அதே தளத்தின் முகப்புச் செய்தியைத் திறக்காமல் நேராக நிகழ்ச்சிப் பக்கத்துக்குப் போகவும். சில நாட்களில் கடைசிப் பகுதியை நேரலையாகவும் தருகிறார்கள், எந்த நாள் என்று அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். ஜப்பானில் மாலை ஆறு மணிக்குக் கடைசி மோதல் முடியும், நமக்கு அது மதியம் 2.30. யோகோசுனாக்கள் இறங்குவது கடைசியில் என்பதால் 2.10-க்கு உட்கார்ந்தால் போதும், வெட்டுப்படாத ஷிகிரி முழுசாகக் கிடைக்கும். ஹோஷோர்யூ யோகோசுனாவாக இறங்கிய முதல் பாஷோவிலேயே, 2025 மார்ச்சில், நடுவில் விலகினார். அவர் ஏறும்போது எந்தக் கால் முன்னே போகிறது என்று நேரலையில் பார்த்து நோட்டில் குறியுங்கள்.