180-இல் முட்டும் என்.எஸ்.ஆர்.: வேகப் பூட்டைத் திறக்க எந்த வழி நல்லது?

ஜப்பானின் ஃபுஜி ஸ்பீட்வேயில் பிரதான நேர்பாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். ஹோண்டா என்.எஸ்.ஆர்.250ஆர் மோட்டார் சைக்கிள் அந்த நேர்பாதையில் ஆறாவது கியரில் இழுத்துக்கொண்டு போகும், மணிக்கு 180 கி.மீ.யைத் தொட்டதும் இருமத் தொடங்கிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறையவில்லை, என்ஜினிலும் கோளாறு இல்லை. கணினிப் பெட்டிதான் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் பொறியைத் துண்டிக்கிறது. இந்த 180 சட்டம் விதித்த வரம்பல்ல. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் உள்நாட்டில் விற்கும் வண்டிகளுக்குத் தாங்களே வகுத்துக்கொண்டது. 250 சிசி வரையிலான வண்டிகளுக்கு அங்கே 'ஷாகென்' எனப்படும் கட்டாயப் பரிசோதனையும் கிடையாது. அதனால் இந்தப் பூட்டைத் திறக்கும் வழிகள் பல வந்துவிட்டன. அவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு நிறைய உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பந்தயத் தடத்துக்கான பேச்சு. ஜப்பானின் விரைவுச் சாலைகளில் பெரும்பாலும் 100 கி.மீ.தான் உச்சம், 2000-ஆம் ஆண்டு வரை மோட்டார் சைக்கிளுக்கு அது 80 ஆகவே இருந்தது. சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தப் பூட்டு ஒரு தடையே அல்ல. டிசுகுபா பந்தயத் தடத்துக்கு மட்டும் போகிறவரும் பணத்தை மிச்சப்படுத்தலாம். அங்கே பின்பக்க நேர்பாதை 437 மீட்டர்தான். வரம்பை முட்டுவதற்குள் பிரேக் பிடிக்கும் இடம் வந்துவிடும்.

என்.எஸ்.ஆர்.250ஆர் வரிசையில் 1990-இல் வந்த எம்சி21 மாடலில் வேலை எளிது. முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஸ்பீடாமீட்டர் சுழல்கிறது. அந்த மீட்டருக்குள் இருக்கும் சிறு காந்த சுவிட்ச்தான் வேகத்தைக் கணினிப் பெட்டிக்குத் துடிப்புகளாக அனுப்புகிறது. அந்தத் தகவல் போகாவிட்டால் பெட்டிக்கு 180 என்பதே தெரியாது. கியர் நிலை, திராட்டில் (ஆக்சிலரேட்டர்), என்ஜின் சுழற்சி ஆகியவற்றைக் கொண்டு பற்றவைப்பு நேரத்தைக் கணிக்கும் வேலையோ வழக்கம்போல நடக்கும். முள்ளைக் கேபிள் சுழற்றுவதால் அதுவும் பொய் சொல்லாது. செலவு என்று ஒன்றுமில்லை. ஆனால் பலர் கத்தரிக்கோலை எடுத்து ஒயரை நறுக்கிவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டு கடந்த வண்டியின் மூல ஒயரிங் இனிக் கிடைக்காத பொருள். கனெக்டரிலிருந்து அந்த ஒயரின் உலோக முனையான பின்னை மட்டும் உருவி, இன்சுலேஷன் சுற்றிக் கட்டி வைத்தால் போதும். நாளைக்கே பழையபடி மாட்டிவிடலாம்.

இதில் குறை ஒன்று உண்டு. மீட்டரின் எண்களும் 180-உடன் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் என்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரையும் கியரையும் வைத்துத்தான் வேகத்தைக் கணிக்க வேண்டும்.

அடுத்து வந்த எம்சி28 வேறு வகை. அதற்குச் சாவிக்குப் பதில் ஒரு நினைவக அட்டை. கடன் அட்டை அளவிலான அதைச் செருகினால்தான் வண்டி உயிர்பெறும். எந்தச் சுழற்சியில் எப்போது பொறி விழ வேண்டும் என்று சொல்லும் பற்றவைப்பு வரைபடமும் அந்த அட்டையோடு சேர்ந்தே வருகிறது. ஹோண்டாவின் பந்தயப் பிரிவான எச்.ஆர்.சி. இந்த மாடலுக்குத் தனி அட்டைகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்றைச் செருகினால் வேக வரம்பு விலகுவதோடு, தொழிற்சாலை அடக்கி வைத்திருந்த பற்றவைப்பும் பந்தயத்துக்கு ஏற்றபடி மாறிவிடும். ஒயரில் கை வைக்க வேண்டியதில்லை. பழைய அட்டையைத் திரும்பச் செருகினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். வண்டியைப் படைத்தவர்களே கொடுத்த வழி என்பதால் இதைத்தான் எல்லாவற்றிலும் நேர்த்தியானது என்பேன். விலைதான் கையைக் கடிக்கிறது. மூல அட்டை இன்று சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டது. யாரோ பிரதி எடுத்து விற்கும் அட்டையை வாங்க என் மனம் ஒப்பாது. உள்ளே எந்த வரைபடம் இருக்கிறது என்று தெரியாமல் டூ ஸ்ட்ரோக் என்ஜினை 10,000 சுழற்சிக்கு மேல் ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதுபோல.

அட்டை கிடைக்காதவர்களுக்கு நாமே நிரலிட்டுக்கொள்ளக்கூடிய வெளிச்சந்தை சி.டி.ஐ. பெட்டி, அதாவது பொறியைக் கட்டுப்படுத்தும் மாற்றுப் பெட்டி இருக்கிறது. வேக வரம்பு என்ற பேச்சே அதில் இல்லை. பற்றவைப்பு வளைவை நாமே வரையலாம். எச்.ஆர்.சி. அட்டையைவிட இது அதிக சுதந்திரம் தரும். கூடவே அதிகப் பொறுப்பையும் தரும். டைனோவும் (என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) பொறுமையும் அனுபவமுள்ள மெக்கானிக்கும் வாய்த்தவருக்கே இது சரிவரும்.

செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களை மாற்றினால் வரம்பு தள்ளிப்போகும் என்று சிலர் நம்புகிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் அது ஓரளவு பலிக்கும். முன்சக்கரத்தில் அளக்கும் எம்சி21-இல் துளியும் பலிக்காது. வரம்பு அதே 180-இல் நிற்கும். அங்கே என்ஜினின் சுழற்சி மட்டும் மாறியிருக்கும். வேகத் துடிப்புகளைக் குறைத்துக் காட்டிப் பெட்டியை ஏமாற்றும் கருவிகளும் உண்டு. ஒரு பின்னை உருவினால் தீர்கிற வேலைக்கு எம்சி21-இல் அது வீண் செலவு. ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள இன்றைய வண்டிகளில் வேகத் தகவலைக் குழப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிவதோடு சிக்கல் முடியாமல் போகலாம், அவற்றுக்கு ஈ.சி.யு. எனப்படும் கணினிப் பெட்டியை முறையாக மறுநிரலிடுவதே வழி.

பூட்டைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 180-இல் ஓட 40 குதிரைத்திறன் தேவைப்படும் வண்டிக்கு 190-இல் ஓட 47 வேண்டும். 200-க்கு ஏறத்தாழ 55. எம்சி21 காகிதத்தில் 45 குதிரைத்திறன். 250 சிசிக்கான சக்தி வரம்பைத் தயாரிப்பாளர்கள் பிறகு குறைத்துக்கொண்டதால் எம்சி28 வெறும் 40-உடன் வந்தது. எனவே எம்சி28-இல் வேகத் தடையை மட்டும் நீக்கினால் மிஞ்சுவது சொற்பம். பற்றவைப்பையும் சேர்த்து மாற்றும் அட்டை தன் விலைக்கு நியாயம் செய்வது இதனால்தான். எம்சி21-க்கோ பின்னை உருவுவதே போதும். அதற்கு மேல் செலவழிக்க நினைத்தால் சஸ்பென்ஷனுக்குச் செலவழியுங்கள், சுற்று நேரம் குறையும்.

எந்த வழியில் போனாலும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பார்க்காமல் தடத்தில் இறங்கக் கூடாது. முன்பு 180-இல் பொறி நின்றதால் என்ஜினுக்கு ஓய்வு கிடைத்தது. இப்போது முழுத் திராட்டிலில் பல விநாடிகள் தொடர்ந்து ஓடும். கலவையில் பெட்ரோல் குறைவாக இருந்தால் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டும். கையை எப்போதும் கிளட்ச் மேல் வைத்திருக்கும் பழக்கம் டூ ஸ்ட்ரோக் ஓட்டிகளுக்கு வந்தது இதனால்தான். முதலில் ஒரு படி பெரிய ஜெட்டைப் போட்டு, நேர்பாதையின் முடிவில் கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தால் இன்னும் பெரிய ஜெட் தேவை. பழுப்பேறியிருந்தால் தொடரலாம்.

டயரும் அப்படித்தான். பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்து அதன் வேகத் தகுதி: 'எஸ்' என்றால் 180 வரை, 'எச்' என்றால் 210 வரை. மலிவாகக் கிடைத்தது என்று முந்தைய உரிமையாளர் 'எஸ்' டயரை மாட்டியிருந்தால், அதை மாற்றும்வரை அந்த ஒயர் முனை கனெக்டரிலேயே இருக்கட்டும்.