சேலத்தில் 'ஷாக் வேவ் பேக்கேஜ்' என்றால் முன்பணம் கட்டாதீர்கள்

பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தசை இறுக்கத்துக்கு 'ஷாக் வேவ்' என்ற அதிர்வலை சிகிச்சை கொடுப்பதாகச் சொன்ன ஒரு பிசியோதெரபி சென்டரில் ஏமாந்தோம். சென்டரின் பெயர் வேண்டாம், சேலம் டவுனில்தான் இருக்கிறது.

அப்பாவுக்குக் கால் ஓரளவு தேறிவிட்டது. இடது கைதான் முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக்கொண்டன. நகம் வெட்ட வேண்டுமென்றால் நான் விரலைப் பிரித்துப் பிடிக்க, அம்மா வெட்டுவார். "பத்து சிட்டிங் போதும் தம்பி, ஐயா ரெண்டு கையாலயும் வேட்டி கட்டுவாரு" என்றார்கள். 22,000 ரூபாய் முன்பணம். ரசீதில் 'பிசியோதெரபி பேக்கேஜ்' என்று மட்டும் எழுதித் தந்தார்கள்.

ஆரம்பத்தில் வைத்தது நிஜமான ஷாக் வேவ்தான். ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினால் தட்தட்தட் என்று அடி விழும். ஆனால் அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை) சாப்பிடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் முன்கை முழுக்கக் கன்றிப்போனது. அந்த மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு இதைக் கொடுக்கும் முன் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்று நரம்பு டாக்டர் கடிந்துகொண்டார்.

அப்புறம் கருவியே மாறியது. அதே ஜெல், ஆனால் வட்டமான சின்னத் தலை, சத்தமே இல்லை. கேட்டால் "இது அட்வான்ஸ் மாடல் சார், சத்தம் வராது". தெரிந்த பிசியோ ஒருவரிடம் வீடியோவைக் காட்டினேன். சிரித்துவிட்டார். அது பிசியோதெரபியில் சாதாரணமாக வைக்கும் அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை) கருவியாம், தெருமுனை கிளினிக்கில்கூட இருக்குமாம். இதற்காகத்தான் சரியாக நடக்க முடியாத மனிதரை ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கிக் கூட்டிப்போனோம்.

ஷாக் வேவ் மேல் எனக்குக் கோபமில்லை. இறுக்கம் கொஞ்ச நாளைக்குத் தளரும், அது உண்மைதான். ஆனால் கோளாறு மூளையில் இருப்பதால் தசையைத் தட்டி கைக்கு பலம் கொண்டுவர முடியாது. தளர்ந்திருக்கும் அந்த வாரங்களில் நீட்டிப் பயிற்சி கொடுத்து, ஸ்பிளின்ட் (கையை நீட்டிய நிலையில் பிடித்துவைக்கும் பட்டை) போட்டால்தான் பலன். அதை யாருமே சொல்லித்தரவில்லை. வழக்கமாகக் கையை மெதுவாகவும் வேகமாகவும் நீட்டிப் பார்த்து, இறுக்கம் 0 முதல் 4 வரை எவ்வளவு என்று குறித்துவைப்பார்கள். அதுகூட நடக்கவில்லை. குறிக்காமல் முன்னேற்றம் என்று எதைச் சொல்வார்களோ!

இறுக்கத்தைத் தளர்த்த பேக்லோஃபென் மாத்திரை, போட்டாக்ஸ் ஊசி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டதற்கு "பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். சரி என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட்டால் போதும். ரசீதும் வீடியோவும் கைவசம் இருக்கின்றன. அதே சென்டரில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போடலாம்.