ஊத்தான் மெலிந்தாங் வீட்டில் மட்டம் பிடித்த மூன்று வாரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங்குக்குப் போன மறுநாள் காலை அம்மா தோசை வார்த்தார். கல்லில் விட்ட எண்ணெய் பின்பக்கமாகவே ஓடியது. குனிந்து பார்த்தால், அடுப்பின் பின்கால்களுக்கு அடியில் காலண்டர் அட்டையை நாலாக மடித்து வைத்திருக்கிறார். "ரெண்டு வருஷமா அப்படித்தான்பா" என்றார், ஏதோ மழை பெய்வதைச் சொல்வது போல.

வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறது. அப்பா லயத்தை விட்டு வந்து வாங்கியது. சமையலறையை மட்டும் பிற்பாடு பின்னால் இழுத்துக் கட்டினோம். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலே விரல் நுழையும் பிளவு, கீழே வரவர மயிரிழை. ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் அடுக்கோடு படிப்படியாக ஒரு வெடிப்பு இறங்குகிறது. பின்கதவை அம்மா தோளால் இடித்துத்தான் திறக்கிறார்.

எனக்கு லீவு மூன்று வாரம். ஆள் தேடினேன்.

முதலில் வந்த கான்ட்ரெக்டர் சுவரைத் தட்டிப் பார்த்து, பிளவைப் பூசி, தரைமேல் சிமெண்ட் போட்டு மட்டமாக்கி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். இறங்குகிற தரைமேல் இன்னும் பாரம் ஏற்றுவதா? வேண்டாம் என்றேன். அடுத்து ஈப்போவிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். துளை போட்டு ரசாயன நுரையைச் செலுத்தித் தூக்கிவிடலாமாம், அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடியாம். தரைக்கடியில் வெற்றிடம் இருந்தால் நுரை உதவும்தான். ஆனால் அவர் எதையும் அளக்கவில்லை, கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கொத்தனார் மாமா. கையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டியூப், பென்சில், அவ்வளவுதான். உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு முனையை என்னைக் கூடத்துச் சுவரில் பிடிக்கச் சொன்னார். மறுமுனையோடு மூலை மூலையாகப் போய், தண்ணீர் நிற்கும் உயரத்தைச் சுவரில் குறித்தார். குறியிலிருந்து தரைக்கு அளந்தால், பின்மூலை 42 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. "அடுப்படித் தரையைத் தண்ணி ஓடறதுக்குச் சரிவாத்தான் போடுவாங்க தம்பி, தரையை மட்டும் நம்பக்கூடாது" என்று வெளியே போய் செங்கல் வரியையும் அளந்தார். அதுவும் இறங்கித்தான் இருந்தது. அப்புறம் சிங்க் குழாயோரம் தோண்டினார். குழாய் உடைந்து, அதைச் சுற்றி மண் கரைந்து கிடந்தது.

கீழ்ப் பேராக் கரையோரம் முழுக்க இளகிய களிமண். பக்கத்துத் தெலுக் இந்தானில் 1885இல் எழுப்பிய 25.5 மீட்டர் கோபுரமே, உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டியின் பாரமும் மண்ணின் இளக்கமும் சேர்ந்து சாய்ந்து நிற்கிறது. எங்கள் பழைய வீட்டைப் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண்கள், அடித்துக் கட்டியிருக்கிறார்கள். சமையலறைக்கு, கொட்டி நிரப்பிய மண்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம்தான். ஒன்று நிற்க, மற்றது இறங்க, இடையில் சுவர் கிழிகிறது.

மாமா சொல்லித்தான் பொறியாளரைக் கூப்பிட்டேன். பொறியாளர் வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். அவர் பிளவின் இருபுறமும் கோடு போட்டுத் தேதி எழுதினார். முதலில் குழாயை மாற்று, கூரைத் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பு, பிளவை இப்போதைக்குப் பூசாதே என்றார். மழைக்காலம் தாண்டியும் கோடு விலகினால் மைக்ரோபைல் எனும் மெல்லிய தூண்களை இறக்கி அஸ்திவாரத்தைத் தாங்கச் செய்ய வேண்டும். அதையும் சுவர் நெடுகத் தோண்டாமல், ஒரு துண்டு விட்டு ஒரு துண்டாகத்தான் செய்வார்களாம். பழைய மட்டத்துக்குத் தூக்க ஆசைப்படாதீர்கள், மேற்கொண்டு இறங்காமல் நிறுத்தினால் போதும், தூக்கப் போனால் சுவர் வேறு இடத்தில் விரியும் என்றார். ஒரு மணி நேரம் இருந்தார், எதையும் விற்க வரவில்லை.

குழாய் வேலை இரண்டு நாளில் முடிந்தது. தங்கை மாதாமாதம் ஒன்றாம் தேதி பிளவுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் அனுப்புகிறாள். இதுவரை 11 மில்லிமீட்டரிலேயே நிற்கிறது. மைக்ரோபைலுக்கு விலை கேட்பதை மழை முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.