பாங்காக்கில் கோன் பார்க்கப் போகிறீர்களா? பீபாட் மேளத்துக்காகப் போங்கள்

வருடக் கடைசியில் பாங்காக்கின் தாய்லாந்து கலாச்சார மையத்தில் சிரிகிட் ராணியின் அறக்கட்டளை நடத்தும் கோன் என்ற முகமூடி நாட்டியத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ராமகியன், அதாவது அவர்கள் ஊர் ராமாயணத்தில் ஒரு கட்டத்தை எடுத்து முகமூடி போட்டு ஆடுவார்கள். முகமூடி, ஜரிகை பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் போனது அதற்கு வாசிக்கும் தாய்லாந்து மரபு வாத்தியக் குழுவான பீபாட் மேளத்துக்காக. முன்பு ஒரு சாப்பாட்டு விடுதியில் இதே ஆட்டத்துக்கு ரெக்கார்டு போட்டார்கள், பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

முதல் பத்து நிமிடம் காது முரண்டு பிடிக்கும். ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ஸவிலிருந்து அடுத்த மேல் ஸ வரையிலான தூரத்தை, ஏழு சம பங்காக்கி வைத்திருக்கிறார்கள், நம் சுருதியில் ஊறிய காதுக்கு ஸ்வரம் எல்லாம் இடம் தவறி நிற்பதுபோல் படும். தாளமும் அப்படித்தான். ஜால்ரா மாதிரியான 'சிங்'கைத் திறந்து அடித்தால் 'சிங்', மூடி அடித்தால் 'சாப்', அழுத்தம் விழுவது சுற்றின் கடைசியில் வரும் அந்தச் சாப்பில். சமத்தை, அதாவது தாளச் சுற்றில் அழுத்தம் விழும் இடத்தை, முதல் தட்டில் தேடாமல் கடைசியில் தேடுங்கள், அப்புறம் எல்லாம் தானாக இழுத்துக்கொண்டு போகும்.

கோங் வொங் யாய் என்ற வாத்தியத்தில் சுற்றிலும் குமிழ் வைத்த 16 வெண்கல வட்டுகள், நடுவில் உட்கார்ந்தவர் மூல மெட்டைப் பிடித்திருக்க, படகு போன்ற பெட்டியில் 21 மரச்சட்டங்கள் தொங்கும் ரனாத் ஏக் அதன்மேல் இரண்டு கையாலும் ஒரே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலுமாக ஓடவிடுகிறது. கோமாளிகள் தவிர ஆடுபவர் வாய் திறப்பதில்லை, வசனத்தை வேறு ஆட்கள் சொல்வார்கள். நடைக்கும் போருக்கும் அழுகைக்கும் தனித்தனி மெட்டு இருப்பதால், மேளம் மாறினாலே கதை மாறிவிட்டது தெரியும். போர்க் கட்டத்தில் கெட்டிக் குச்சி மரத்தில் பொரிகிற சத்தம் நெஞ்சில் விழுகிறது, இதை எந்த ஒலிபெருக்கியிலும் கேட்கமுடியாது.

மெட்ரோவில் மையத்தின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. திரையில் ஆங்கில வரிகளும் ஓடும்.

ஆட்டம் முடிந்ததும் முன்னால் போய்ப் பாருங்கள். ரனாத்தின் சட்டங்களுக்கு அடியில் ஈயத்தூளும் தேன்மெழுகும் சேர்த்து உருட்டி ஒட்டியிருக்கும், சுருதி சேர்ப்பது அதை வைத்துத்தான். தபோன் என்ற மத்தளத்தில் தோலின் நடுவே சோற்றையும் சாம்பலையும் பிசைந்து அப்பியிருந்ததை வாசித்தவர் மெதுவாக வழித்தெடுத்துக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்து மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டுவது அப்படியே கண்முன் வந்தது. தபோனை அவர்கள் குருவாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள், கிளம்பும்போது ஒருவர்கூட அதைத் தாண்டிப் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.