பிளிட்விட்சேயா, கிர்காவா? ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்

2023 ஜனவரியில் குரோஷியா ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகிற ஏற்பாடு) வந்து யூரோவுக்கும் மாறிய பிறகு, நம் ஆட்கள் அந்தப் பக்கம் போவது நன்றாகவே கூடியிருக்கிறது. போகிறவர்களில் பாதிப் பேர் எனக்கு அனுப்பும் கேள்வி ஒன்றுதான். இரண்டு அருவிப் பூங்கா இருக்கிறதாமே, ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எதற்குப் போகட்டும்?

பதில் ஒரே வரியில் வேண்டுமென்றால், கடற்கரை நகரமான ஸ்பிளிட் பக்கம் தங்கியிருந்தால் கிர்கா, தலைநகர் ஜாக்ரெப்பிலோ இன்னொரு கடற்கரை ஊரான ஜாடரிலோ தங்கியிருந்தால் பிளிட்விட்சே. முந்தின ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்பதுதான் முக்கால்வாசி முடிவைச் செய்கிறது. அழகில் எது உசத்தி என்று கேட்டால் பிளிட்விட்சேதான், அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் ஸ்பிளிட்டிலிருந்து போகவர ஆறரை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்துவிட்டு, கையில் டிக்கெட்டோடு ஓட்டமும் நடையுமாகப் பார்த்தால் அந்த அழகில் பாதிதான் கண்ணில் படும். நான் அப்படித்தான் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு ஏமாற்றத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பிளிட்விட்சேயிலும் சரி, கிர்காவின் பெரிய அருவியிலும் சரி, குளிக்க முடியாது. நமக்கு அருவி என்றாலே எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுத்து நிற்கிற இடம். கிர்காவில் அப்பா கேட்ட முதல் கேள்வியே, "இவ்வளவு தண்ணி கொட்டுது, ஒருத்தர்கூடக் குளிக்கலையேப்பா?" என்பதுதான். கிர்காவின் பெரிய அருவியான ஸ்கிராடின்ஸ்கி பூக்கின் அடிவாரத்தில் 2020 வரை ஜனங்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள், 2021 ஜனவரி 1 முதல் தடை. இணையத்தில் இன்னும் சுற்றுகிற, நீச்சலுடையில் நூறு பேர் அருவிக்கு முன்னால் மிதக்கும் படங்கள் எல்லாம் பழசு. "கிர்காவில் அந்தப் பெரிய அருவிக்கு அடியில் நீந்தலாம், பிளிட்விட்சேயில் முடியாது, அதனால் கிர்கா" என்று யாராவது சொன்னால், அவர் போய் வந்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

தடைக்குக் காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற கண்ணே மாறும். இரண்டு இடத்திலும் அருவி விழுகிற அணை பழைய மலைப்பாறை இல்லை. சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஓடி வருகிற தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அது குதித்துச் சிதறும்போது கரியமில வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு பாசியின் மேலும் நீர்ச்செடிகளின் மேலும் படிகிறது. படிந்தது இறுகிக் கல்லாகிறது, அதன் மேல் மறுபடி பாசி, மறுபடி சுண்ணாம்பு. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாசாரம்தான், ஆயிரக்கணக்கான வருடமாக நடக்கிறது. அந்த வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது, அணைகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அங்கே ஆயிரம் பேர் சன்ஸ்கிரீனோடு இறங்கி மிதித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பிளிட்விட்சே. 1949இல் தேசியப் பூங்கா ஆனது, 1979இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அருவிப் பூங்கா என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது ஏரிப் பூங்கா. மேலே 12, கீழே 4 என்று 16 ஏரிகள் படிப்படியாக இறங்குகின்றன. ஒவ்வொரு ஏரியும் நிரம்பி அடுத்ததில் வழிகிறது, வழிகிற இடமெல்லாம் அருவி. உச்சி ஏரி கடல்மட்டத்திலிருந்து 636 மீட்டர் உயரத்திலும் கடைசி ஏரி 503 மீட்டரிலும் இருக்கின்றன, இடையிலுள்ள அந்த 133 மீட்டரில்தான் மொத்தக் கூத்தும். தண்ணீரின் நிறத்தை நான் விவரிக்கப் போவதில்லை, வெயில் சாய்கிற கோணத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும், காலையில் எடுத்த படத்தையும் மத்தியானம் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஏரி என்றுதான் சொல்வீர்கள். கடைசியில் வெலிகி ஸ்லாப். "பெரிய அருவி" என்று நேராகவே பெயர் வைத்துவிட்டார்கள், 78 மீட்டர், குரோஷியாவிலேயே உயரமானது. என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிற கூட்டத்தை விட்டுவிட்டு மேல் ஏரிகளுக்குப் போக வேண்டும். காலடியில் மரப்பலகைப் பாதை, பலகைக்கு அடியிலேயே தண்ணீர் ஓடுகிறது, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சின்னச் சின்ன அருவிகள், பெயர்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு. நடுவில் கோசியாக் என்ற பெரிய ஏரியைச் சத்தமில்லாத மின்படகில் கடக்க வேண்டும், கட்டணம் டிக்கெட்டிலேயே சேர்த்தி.

இவ்வளவு அமைதியான இடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு அன்று இந்தப் பூங்காவில் நடந்த மோதலில்தான், குரோஷியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தபோது நடந்த போரின் முதல் உயிர்கள் போயின. 1992 முதல் 1997 வரை இது யுனெஸ்கோவின் "ஆபத்தில் உள்ள" இடங்களின் பட்டியலில் இருந்தது. பலகைப் பாதையில் வரிசை கட்டி நிற்கும்போது இதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இப்போது என் முட்டாள்தனம். முதல் தடவை நண்பர்களோடு ஸ்பிளிட்டில் தங்கிவிட்டு, பிளிட்விட்சேக்கு ஒரு வேன் பயணம் போட்டோம். ஏற்பாடு செய்த கம்பெனி "நாள் முழுக்க" என்றது. நாள் முழுக்கத்தான், ஆனால் வேனில். ஒரு வழி சுமார் 240 கிலோமீட்டர், நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் மலைச்சாலை, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பூங்காவுக்குள் எங்களுக்குக் கிடைத்தது மூன்றரை மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் படகுக்கு வரிசை. மேல் ஏரிகள் பக்கமே போகவில்லை. திரும்பும்போது வேனில் ஒருவரும் பேசவில்லை, எல்லோரும் தூக்கம். அடுத்த முறை ஜாடரில் தங்கிக் காரில் போனபோதுதான், சுமார் 120 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற தூரம், நான் முன்பு பார்த்தது பூங்காவே இல்லை என்று புரிந்தது. ஜாக்ரெப்பிலிருந்தும் ஏறக்குறைய அதே கணக்குதான், 130 கிலோமீட்டர், பஸ்ஸும் நிறைய இருக்கிறது.

அப்புறம் கிர்கா. குரோஷிய எழுத்தில் பார்த்தால் பெயரில் ஒரே ஒரு உயிரெழுத்து, அதுவும் கடைசியில். ஆற்றின் பெயர்தான் பூங்காவுக்கும். 1985இல் பூங்கா ஆனது, பரப்பளவு 109 சதுர கிலோமீட்டர். பிளிட்விட்சே கிட்டத்தட்ட 300. ஸ்பிளிட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜாடரிலிருந்தும் ஒரு மணி நேரம், பக்கத்து ஊரான ஷிபெனிக்கிலிருந்து கண்ணை மூடித் திறப்பதற்குள். நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் இதன் பெரிய பலம்.

உள்ளே போக முக்கியமாக இரண்டு வழி. லொசோவாட்ஸ் என்ற இடத்தில் காரை விட்டால், பூங்காவின் பஸ் வளைந்து வளைந்து கீழே இறக்கிவிடும். இல்லாவிட்டால் ஸ்கிராடின் என்ற சின்ன ஊருக்குப் போய் அங்கிருந்து படகு. வேகமாக முடிய வேண்டுமென்றால் முதல் வழி, எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆற்றில் மெதுவாக 25 நிமிடம், இரண்டு கரையிலும் வெள்ளைப் பாறைச் சரிவு, கடைசியில் அருவியின் சத்தம் முதலில் வருகிறது, அருவி பிறகு வருகிறது. ஸ்கிராடின்ஸ்கி பூக் ஒற்றையாக விழுகிற அருவி இல்லை, 17 படிகளில் மொத்தம் 46 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது, ஆனால் அகலம் அகலமாக. தண்ணீர் அதிகமான ஏப்ரல், மே மாதங்களில் அதன் முன்னால் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. ஆகஸ்டில் அதே இடம் கொஞ்சம் இளைத்துப்போய் இருக்கும்.

கிர்காவில் பிளிட்விட்சேயில் இல்லாத ஒன்று இருக்கிறது, மனிதர்கள் வாழ்ந்த தடம். அருவி ஓரத்திலேயே பழைய கல் ஆலைகள், மாவு அரைத்ததும், அருவித் தண்ணீரைக் கூடைக்குள் விழவிட்டுக் கம்பளி துவைத்ததும் (வாஷிங் மெஷினுக்குத் தாத்தா) அங்கேதான். அதைவிட, ஜாருகா மின்நிலையம். நிகோலா டெஸ்லாவின் மாறுதிசை மின்சார முறையில் 1895 ஆகஸ்ட் 28 அன்று இங்கே உற்பத்தியான மின்சாரம் ஷிபெனிக்கின் தெருவிளக்குகளை எரித்தது. நயாகராவின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது அதே வருடம் ஆகஸ்ட் 26. இரண்டே நாள் வித்தியாசம்! இடிபாடுகளைப் பார்க்கலாம், 1903இல் கட்டிய இரண்டாவது நிலையம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாழ்நாள் முழுக்க மின்வாரியத்தில் இருந்த அப்பாவை அந்த இடத்திலிருந்து கிளப்ப அரை மணி நேரம் ஆனது. அருவியைவிட அதைத்தான் ஊரில் எல்லோரிடமும் சொன்னார்.

நேரம் இருந்தால் அருவியிலிருந்து மேலே விசோவாட்ஸ் தீவுக்குப் படகு உண்டு, ஆற்று நடுவில் 1445 முதல் பிரான்சிஸ்கன் துறவிகள் இருக்கிற மடம். கட்டணம் தனி. நாங்கள் போகவில்லை, வெயில்.

வயதானவர்கள், குழந்தைகள் கூட வந்தால் இந்தப் பேச்சே வேறு. கிர்காவில் அருவியைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர், நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரம், உட்கார இடம், நிழல், பெரும்பாலும் கைப்பிடி எல்லாம் இருக்கிறது. பிளிட்விட்சேயில் முழுசாகப் பார்க்க 8 கிலோமீட்டர் போல நடக்க வேண்டும், பலகைப் பாதையில் பல இடங்களில் கைப்பிடி கிடையாது, மழை பெய்திருந்தால் வழுக்கும், எதிரே வருகிறவருக்கு வழிவிட ஒதுங்கினால் பக்கத்தில் ஏரி. தள்ளுவண்டியைக் கொண்டுபோய்த் தலையில் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு தகப்பனைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. முட்டி வலி உள்ளவர்களோடு பிளிட்விட்சேதான் போவேன் என்றால், இரண்டாம் நுழைவாயிலில் நுழைந்து பூங்காவின் வண்டியிலேயே உச்சிக்குப் போய்விட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி நடந்து வாருங்கள். "எச்" என்று பெயரிட்ட வழித்தடம் அப்படித்தான் போகிறது. நடை குறையாது, ஏற்றம் குறையும்.

பணத்தில் பெரிய வித்தியாசமில்லை. 2024 கோடையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டிலும் பெரியவர்களுக்கு 40 யூரோ. ஏப்ரல், மே, அக்டோபரில் அதில் ஏறத்தாழ பாதி, குளிர்காலத்தில் 10 யூரோவும் அதற்குக் கீழேயும். போகும் முன் அந்த வருடத்துக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் குடும்பத்தோடு ஜூலையில் போவதற்குப் பதில் மே கடைசியில் போனால் மிச்சமாகிற காசில் ஒரு ராத்திரி அறை வாடகையே வந்துவிடும், தண்ணீரும் அதிகம், கூட்டமும் குறைவு. குளிர்காலத்தில் பிளிட்விட்சே பனியில் வேறு உலகம், ஆனால் மேல் ஏரிகளை மூடிவிடுவார்கள். கிர்காவில் அப்போது ஸ்கிராடின் படகு ஓடாது.

டிக்கெட் விஷயத்தில் பிளிட்விட்சே கறார். மணிக் கணக்கில் நேரம் குறித்துத் தருவார்கள், கோடையில் வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அன்றைக்கு வாசலைத்தான் பார்க்கலாம். இணையத்தில் முன்கூட்டியே எடுத்து, காலை முதல் நேரத்தைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து இறங்கின பிறகு பலகைப் பாதையில் திருவிழா தேர் நகர்கிற மாதிரிதான் நகர வேண்டும். கிர்காவிலும் ஆகஸ்டில் கூட்டம் மோசம்தான், இடமும் சின்னது.

சாப்பாடு. சைவம் என்றால் இரண்டு பூங்காவிலும் உருளை வறுவலும் பீட்சாவும் தவிர அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டுதான் போனோம், கோசியாக் ஏரிக்கரைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அதற்கு ஈடு இல்லை. பிளிட்விட்சே போகிற சாலை ஓரத்தில் ஸ்க்ரிபாவாட்ஸ் என்று ஒரு பாலாடைக்கட்டி விற்பார்கள், கடித்தால் பல்லில் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். குழந்தைக்கு அது அருவியைவிடப் பிடித்துவிட்டது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்கிராடினில் கன்றுக்குட்டி இறைச்சியை மணிக்கணக்காகக் கிளறிச் செய்கிற ரிசோட்டோ (குழைவான அரிசிச் சாதம்) பிரசித்தம்.

இரண்டையும் பார்க்க நாள் கிடைத்தால் கிர்காவை முதலில் பாருங்கள். பிளிட்விட்சே பார்த்த கண்ணோடு கிர்காவுக்குப் போனால் "இவ்வளவுதானா" என்று தோன்றிவிடும், அது கிர்காவுக்கு நியாயமில்லை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. ஜாக்ரெப்பில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு பிளிட்விட்சே போய்த் திரும்ப வேண்டிய இடமே இல்லை, வழியில் இருக்கிற இடம். விடியற்காலையில் பெட்டிகளோடு காரில் கிளம்பி, எட்டு மணிக்கு உள்ளே நுழைந்து, இரண்டு மூன்று மணி வரை நடந்துவிட்டு அப்படியே ஜாடருக்கு இறங்கிவிடலாம். அங்கே கடற்கரைப் படிகளுக்கு அடியில் குழாய்கள் பதித்து அலையே வாசிக்கிற மாதிரி 2005இல் ஓர் ஆர்கன் (காற்று புகுந்து ஒலிக்கிற குழாய் இசைக்கருவி) அமைத்திருக்கிறார்கள். எட்டு கிலோமீட்டர் நடந்த காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு உட்காரலாம். அங்கே யாரும் இறங்காதே என்று சொல்ல மாட்டார்கள்.