அலாஸ்காவா, நோர்வேயா, அந்தாட்டிக்காவா? அம்மா அப்பாவோடு குளிர்கடல் போக நினைப்பவர்களுக்கு

குளிர்நாட்டுக் கப்பல் பயணம் என்று தேடினால் எல்லா விளம்பரத்திலும் ஒரே படம்தான்: பின்னால் பனிமலை, முன்னால் திமிங்கிலத்தின் வால், நடுவில் வெள்ளைக் கப்பல். அந்தப் படத்தை நம்பிக் காசு கட்டவேண்டாம். மலை பார்க்கப் பெரிய கப்பல் போதும், மேல்தட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்க்கலாம். விலங்கு பார்ப்பதென்றால் தண்ணீர் மட்டத்துக்கு இறங்கவேண்டும், அதற்குச் சின்னக் கப்பலோ படகோ வேண்டும். இரண்டும் ஒரே தட்டில், ஒரே விலையில் கிடைப்பது மிகவும் குறைவு. எந்தக் கடல் என்று சண்டை பிடிக்க முதல், உங்களுக்கு இரண்டில் எது பெரிது என்பதைத் தீர்மானியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இப்போது மும்முரமாக நடக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அலாஸ்கா என்கிறார், ஒஸ்லோவில் இருக்கும் தங்கச்சி நோர்வேக் கரை என்கிறாள், வவுனியா மச்சான் பென்குயின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அந்தாட்டிக்கா என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கிளிநொச்சியில் இருந்து புறப்படப்போவது அம்மாவும் அப்பாவும். இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள், அப்பாவுக்கு முழங்கால் நோ. வன்னியில் கனக்க வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால், வாசித்ததையும் போய்வந்த உறவினர்களிடம் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

அலாஸ்காவில் தொடங்குகிறேன், ஏனென்றால் மலையும் விலங்கும் ஓரளவுக்காவது சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதான். தென்கிழக்கு அலாஸ்காவில் கப்பல்கள் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட உள்வழிப் பாதையால் போகின்றன. திறந்த பசிபிக்கின் அடியைத் தீவுகள் தாங்கிக்கொள்வதால் கடல் பெரும்பாலும் அமைதி, வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் சியாட்டிலில் இருந்து புறப்படுகிற கப்பல்கள் பல, வன்கூவர் தீவுக்கு வெளிப்புறத்தால், திறந்த கடலில்தான் ஏறும். வன்கூவரில் புறப்படுபவை தீவுக்கு உட்புறத்தால் போகும். சத்தி எடுக்கிற ஆட்கள் என்றால் வன்கூவரில் ஏறுங்கள், டிக்கெட் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், பயணத்திட்டத்தில் கிளேசியர் பே என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை, அதனால் எல்லாக் கம்பனிக்கும் அனுமதி கிடைக்காது. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலுக்கே ஏறிவந்து விளக்கம் சொல்வார்கள், அந்த மண்ணின் த்லிங்கிற் சமூகத்தவரும் சில பயணங்களில் கூட வருவார்கள். பனிச்சுவரில் இருந்து ஒரு துண்டு கழன்று விழுவது முதலில் சத்தமில்லாமல்தான் தெரியுமாம். துண்டு சரிகிறது, தண்ணீர் எழும்புகிறது, அதற்குப் பிறகுதான் இடியோசை கப்பலுக்கு வந்து சேர்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டிகளில் படுத்திருக்கிற கடல்நாய்கள் எல்லாம் அந்த அலையில் ஏறி இறங்கும். சத்தம் கேட்டபின் திரும்பிப் பார்ப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது, சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று அண்ணி சொன்னார்.

இந்த இடத்தின் கதை வன்னிச் சனத்துக்கு வேறு விதமாகவும் உறைக்கும். 1700களில் பனி வேகமாக முன்னேறி வந்து ஹூனா த்லிங்கிற் மக்களின் ஊர்களை மூடியது. அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். 1794 இல் கடலோடி ஜோர்ஜ் வன்கூவரின் குழு வந்தபோது விரிகுடா என்று சொல்ல அங்கே அனேகமாக ஒன்றுமில்லை, வாயிலிலேயே பனி நின்றது. 1879 இல் இயற்கை ஆய்வாளர் ஜோன் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீற்றருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. அந்த மக்கள் அதற்குள் ஹூனா என்ற ஊரில் குடியேறியிருந்தார்கள், அவர்களின் பழைய நிலம் பின்னாளில் தேசியப் பூங்காவானது. 2016 இல்தான் விரிகுடாக் கரையில் அவர்களுக்கென்று ஒரு குலவீடு கட்டித் திறக்கப்பட்டது. மீள்குடியேற்றம் என்றால் என்னவென்று தெரிந்த என் அம்மாவுக்கு, பனியை விட இந்தக் கதை மனதில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

விலங்குக்கு வருவோம். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு, கோடையில் தின்பதற்காகவே இங்கே வருகின்றன. பெரிய கப்பலில் இருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு மூச்சுப்புகை, ஒரு முதுகு, அவ்வளவுதான். அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் இறங்கி, தனியாகக் காசு கட்டிச் சின்னப் படகில் போகவேண்டும். அண்ணாவின் போனில் ஒரு வீடியோ இருக்கிறது: தண்ணீரில் வட்டமாகக் குமிழிகள் எழும்புகின்றன, கடற்காகங்கள் கத்திக்கொண்டு அந்த வட்டத்துக்கு மேல் கூடுகின்றன, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை, பிறகு வட்டத்துக்குள்ளால் ஆறேழு திமிங்கிலங்கள் வாயை ஆவென்று திறந்தபடி ஒன்றாக மேலே வருகின்றன. கீழே இருந்து குமிழி விட்டு ஹெரிங் மீனை வளைத்துக் கட்டுகிற கூட்டு வேட்டை அது. முல்லைத்தீவில் கரைவலை இழுக்கிறவர்களிடம் காட்டினால் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. எல்லாப் பயணத்திலும் இது அமையும் என்றில்லை. ஆனால் திமிங்கிலத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மிகவும் நல்லது. படகுகள் 100 யார் (ஏறக்குறைய 90 மீற்றர்) தூரத்தில் நிற்கவேண்டும் என்பது அங்கே சட்டம்.

குறையும் சொல்லவேண்டும். கூட்டம். ஜூனோவில் ஒரே நாளில் ஐந்து பெரிய கப்பல்கள் நிற்கும், 2024 முதல் அதற்கு மேல் வேண்டாம் என்று ஊரே கட்டுப்பாடு போட்டிருக்கிறது. அடுத்தது மழை. கப்பல்கள் நிற்கிற இன்னொரு ஊரான கெச்சிக்கனில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் கொட்டுகிறது, எங்கள் மாரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மே மாதம் ஓரளவு காய்ந்த மாதம், விலையும் குறைவு, மலைகளில் பனியும் மிச்சமிருக்கும். கரடி பார்க்கவேண்டும் என்றால் ஆறுகளில் சமன் மீன் ஏறுகிற ஜூலை, ஓகஸ்ட்.

தங்கச்சியின் நோர்வேக் கரைக் கப்பல் முற்றிலும் வேறு ரகம். பேர்கனில் இருந்து ரஷ்ய எல்லைக்குக் கிட்ட இருக்கும் சிர்க்கெனஸ் வரை 34 துறைமுகங்கள், போய்வர 12 நாள். 1893 இல் தபாலும் சாமானும் ஏற்றத் தொடங்கிய பாதை, இப்போது ஹூட்டிகுருட்டன், ஹவிலா என்ற இரண்டு கம்பனிகளின் கப்பல்கள் பங்குபோட்டு ஓடுகின்றன. கசினோவும் மேடை நடனமும் இல்லை. அடுத்த ஊருக்குப் போகிற உள்ளூர்ச் சனமும் அதே கப்பலில்தான் ஏறும். எனக்குப் பிடித்த விஷயம், முழுப் பயணமும் எடுக்கத் தேவையில்லை, துறைமுகத்துக்குத் துறைமுகம் டிக்கெட் வாங்கலாம். பூடோவில் பிற்பகல் ஏறினால் லோஃபோட்டன் மலைத்தொடர் கடலில் இருந்து எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இரவு ஸ்வோல்வாரில் இறங்கலாம். அம்மா அப்பாவுக்குக் கடல் ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

காட்சியில் நோர்வே அலாஸ்காவுக்குக் குறைந்ததல்ல, என் கண்ணுக்கு ஒருபடி மேல். செங்குத்தான கல்மலை அடியில் சிவப்பு மர வீடு, அதில் விளக்கு, பக்கத்தில் மீன்படகு. ஆள் வாழ்கிற இடம் என்பதால் அந்த வடிவு வேறு. ஆனால் விலங்கு என்று போனால் ஏமாற்றம்தான். வெண்வால் கடற்கழுகு கிடைக்கும், கடற்பறவைகள் கிடைக்கும், மற்றதெல்லாம் அதிர்ஷ்டம். ஓர்க்கா என்கிற கொலைத்திமிங்கிலங்களும் கூன்முதுகுகளும் நவம்பர் முதல் ஜனவரி வரை ஹெரிங் கூட்டத்துக்குப் பின்னால் வடக்கு ஃபியோர்டுகளுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்த கடல்வாய்களுக்குள், வருகின்றன. நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழும்புவதே இல்லை, பகலில் சில மணிநேரம் நீல வெளிச்சம் மட்டும். போதாததற்கு மீன்கூட்டம் வருடத்துக்கு வருடம் இடம் மாறும், திமிங்கிலமும் கூடவே மாறும். துருவ ஒளி பார்க்கிற ஆசையும் சேர்ந்திருந்தால் மட்டும் குளிர்காலத்தை எடுங்கள்.

நோர்வேயிலேயே விலங்குதான் முக்கியம் என்பவர்கள் ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகவேண்டும். ஒஸ்லோவில் இருந்து விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணிநேரம், 78 பாகை வடக்கு. பனிக்கரடி, வால்ரஸ், குள்ளக் கலைமான், கோடை முழுவதும் மறையாத சூரியன். 2025 ஜனவரியில் இருந்து சட்டம் இறுகிவிட்டது: பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகமுடியாது, கரடிக்கு 300 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீற்றர். 300 மீற்றர் என்றால் இரணைமடுக் குளக்கட்டில் நின்று தூரத்து அலைகரையில் நிற்கிற மாட்டைப் பார்ப்பது மாதிரி, நல்ல பைனாகுலர் இல்லாமல் போவது வீண். இந்தச் சட்டத்தைச் சிலர் குறைசொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒதுங்கிப் போன யானையை நெருங்கிக் கோபப்படுத்தினால் அதன் விலையை அடுத்த ஆள்தான் கொடுக்கிறார் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஸ்வால்பார்ட்டில் கரடியை விட என்னை இழுப்பது பறவை மலைகள். அல்கெஃபியெல்லெட் என்ற செங்குத்துப் பாறையில் பத்தாயிரக்கணக்கான கடற்பறவைகள் தோளோடு தோள் நின்று முட்டை அடைகாக்கும், இறப்பர் படகில் அதன் அடிக்குக் கிட்டவாகப் போகலாம். வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் மாரியில் இறங்குகிற உள்ளான்களில் பல, சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிப்பவை. மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட கடற்காகங்களும் ஆர்க்டிக் வரை போயிருக்கின்றன. எங்கள் களப்பில் வந்து நிற்கிறவர்களின் வடக்குத் தாய்வீடு எப்படியிருக்கும் என்று பார்க்கிற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் படகில் ஏறி இறங்க முழங்கால் வேண்டும். அப்பாவுக்குச் சரிவராது.

அந்தாட்டிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மச்சான் கோபிக்கக்கூடாது. விலங்கைக் கிட்டப் பார்ப்பதில் அதற்கு நிகரில்லை. 5 மீற்றர் விலகி நிற்பது விதி, அந்த விதி தெரியாத பென்குயின் தானே உங்கள் காலடிக்கு நடந்து வரும். ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கமுடியாது, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே முடியாது. ஆகவே மலிவு விலையில் அந்தாட்டிக்கா என்று பெரிய கப்பலின் விளம்பரம் கண்டால் அது கரையேறாத பயணம் என்று விளங்கிக்கொள்ளுங்கள். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு தரையில் குந்தவோ பையை வைக்கவோ விடுவதில்லை. போகிற பாடு பெரிது: கொழும்பில் இருந்து புவனஸ் அயர்ஸ், அங்கிருந்து ஆர்ஜன்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயா, பிறகு ட்ரேக் நீரிணையை ஏறக்குறைய இரண்டு நாள் கடக்கவேண்டும், திரும்பவும் அதே. சிலியில் இருந்து விமானத்தில் நேரே போய்க் கப்பலேறும் வழி உண்டு, விலை இன்னும் ஏறும். காலில் பலமும் கையில் காசும் இருக்கிற நாற்பது வயதுக்காரருக்குத் தாராளமாகச் சொல்வேன். எழுபது வயது அம்மாவுக்கு இல்லை.

எங்கள் வீட்டு முடிவு அலாஸ்கா: வன்கூவரில் ஏறி வன்கூவரிலேயே இறங்குகிற ஏழு இரவு, கிளேசியர் பே கட்டாயம், ஜூன் நடுப்பகுதி. பல்கனிக் கேபினுக்குக் கொடுக்கிற மேலதிகக் காசை ஜூனோப் படகுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், பனியைப் பார்க்கப் பொதுத்தட்டே நல்ல இடம், இரண்டு பக்கமும் தெரியும். அப்பா அம்மாவை மேமாதத்திலேயே அனுப்பி, ரொறன்ரோவில் சில கிழமை குளிருக்குப் பழகவிடுவது நல்லது. தடித்த கோட் ஒன்றை விட, மெல்லிய உடுப்பு மூன்றும் அதற்கு மேல் மழைக்கோட்டும் உதவும்.

விசாதான் கடைசித் தடை. இலங்கைப் பாஸ்போட்டுக்குக் கனடா விசாவும் அமெரிக்க விசாவும் இரண்டும் வேண்டும், அலாஸ்கா போய்த் திரும்பவும் கனடாவுக்குள் வருவதால் கனடா விசா பலமுறை நுழைய விடுவதாக இருப்பது நல்லது. நோர்வேக் கரைக்கு ஒரு ஷெங்கன் விசா போதும், இந்த இடத்தில் தங்கச்சி சொல்வதுதான் நியாயம். ஸ்வால்பார்ட்டுக்கென்று விசா இல்லை என்று சொல்வார்கள், அது உண்மை. ஆனால் ஒஸ்லோவைத் தாண்டித்தான் போகவேண்டும், ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் திரும்பி வருவது இரண்டாம் நுழைவு. ஒருமுறை நுழைகிற விசாவோடு போனவர் அங்கிருந்து திரும்ப வழியில்லாமல் நிற்கவேண்டிவரும். எங்கள் அமெரிக்க விசா மறுக்கப்பட்டால், தங்கச்சியின் பேர்கன் கப்பல், அதே ஜூன் மாதம். அதுவரை திருப்பித் தராத டிக்கெட் ஒன்றும் வாங்கவேண்டாம் என்று அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன்.