மாணவர் நடத்தும் குழுவா, ஆசிரியர் நடத்தும் குழுவா?

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) மாணவர்களுக்குக் குழுப்பணியை, அதாவது ஒரு குழுவை உட்காரவைத்துப் பேசவைத்து நடத்துவதைப் பழக்க இரண்டு வழிகள் உண்டு. ஆசிரியரே வட்டத்தில் உட்கார்ந்து நடத்துவது ஒன்று. எட்டு மாணவர்கள் முறைவைத்துத் தாங்களே நடத்துவது மற்றொன்று. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை கிராமங்களுக்குக் களப்பணிக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஆசிரியர் நடத்தினால் நேரம் வீணாகாது, பாடம் தெளிவாகும். ஆனால் எல்லார் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும். பேச்சு மதிப்பெண்ணை நினைத்தே வரும். யாரும் பேசாத நிமிடத்தை அவரே நிரப்பிவிடுவார். ஒரு குழு வளரும் விதம் பற்றி உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் சொன்ன நான்கு நிலைகளில் இரண்டாவதான மோதல் நிலை அங்கே பெரும்பாலும் தலைகாட்டுவதே இல்லை. அப்படிப் பழகியவர், தவணை பாக்கி பற்றிக் கேட்டதும் சுய உதவிக் குழுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டால், பதறிப்போய்ச் சேமிப்பின் நன்மைகளைப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

மாணவர் குழு நிற்பதும் விழுவதும் கூட்டம் முடிந்தபிறகான இருபது நிமிடத்தில்தான். மொத்தம் பத்து அமர்வுகள்: முதலாவது விதிகளுக்கு, கடைசி முடிப்புக்கு, நடுவில் ஆளுக்கொன்று. ஒரு மணி நேரம் ஒருவர் நடத்த, இன்னொருவர் பேசாமல் பார்வையாளராக இருப்பார். அடுத்த வாரம் அவரே நடத்துவார். பார்வையாளர் தாளில் வட்டம் வரைந்து, யார் யாரிடம் பேசினார்கள் என்று அம்புக்குறி போடுவார். எல்லா அம்பும் நடத்துபவரை நோக்கியே போயிருந்தால், அவர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். ஒரு மணி நேரம் முடிந்தபிறகுதான், அந்த இருபது நிமிடத்துக்கு ஆசிரியர் உள்ளே வருவார். தாளைப் பார்த்து மூன்றே கேள்விகள்: யார் பேசவில்லை, மௌனத்தை யார் உடைத்தார், உடைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடத்தியவர் மறுநாளுக்குள் ரெக்கார்டிங், அதாவது அமர்வில் நடந்ததன் பதிவு, எழுதித் தரவேண்டும். தள்ளிப்போனால் யார் சொன்ன சொல் எது என்பதே மறந்துபோகும்.

தேர்வு நெருக்கத்தில் முதலில் வெட்டப்படுவதும் இந்த இருபது நிமிடம்தான். வெட்டினால் வாயாடுகிற ஒருவரே பொறுப்பைப் பிடித்துக்கொள்வார்; குழு களப்பணி நிறுவனத்தைக் குறை சொல்லும் அரட்டையாகிவிடும். இந்த நேரத்தை ஒதுக்க முடியாத துறை, ஆசிரியர் நடத்தும் முறையிலேயே இருப்பது நல்லது.

குழுவைப் பேருந்துத் தடப்படி பிரிக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஊர்த்தெருவும் காலனித்தெருவும் தனித்தனி. வசதிக்காகப் பிரித்தால் ஒரே ஊர், ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குழுவில் பேசிய கதை விடுதியில் கசிவது இன்னொரு தொல்லை. அறைத் தோழர்களை ஒரே குழுவில் வைக்காதிருந்தால் கொஞ்சம் குறையும், அடியோடு நிற்காது.

2004 சுனாமி, 2018 கஜா புயல் இரண்டையும் கண்ட கரை இது. இழப்பைப் பற்றி யாராவது உடைந்து பேசினாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னாலோ, குழுவை நிறுத்தி ஆசிரியரை உடனே அழைக்க வேண்டும். முதல் அமர்விலேயே இதை எழுதி வைத்துவிடுங்கள். ஆசிரியர் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் ஆசிரியர் நடத்தும் குழுவே பாதுகாப்பானது. ஆறு பேருக்கும் குறைந்த வகுப்பில் மாணவர் குழு எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம்.

கடைசி அமர்வின் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தன் குழுவை முறையாக முடித்துப் பார்த்தவர்தான், களப்பணி முடியும்போது சுய உதவிக் குழுப் பெண்களிடம் "அடுத்த வாரம் வரமாட்டேன்" என்று நேரில் சொல்லிவிட்டு வருவார்.